எம்.பி.க்கு நான் வாசித்த அறிமுகவுரை

மேடையில் மைக்கைப் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கியவர்கள் பிழைத்தார்கள். நான் அடக்கவில்லை. இருபது வயதில், ஜெர்மனியின் எசன் நகரத்து மண்டபமொன்றில், உயிரோடிருந்த ஒரு பிரித்தானிய எம்.பி.யை ஊரறியச் சாகடித்தேன்.

2005 அல்லது 2006 ஆக இருக்கும். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவுக்கு லண்டனிலிருந்து ஓர் எம்.பி. வருவதாக இருந்தது. அவருடைய தொகுதியில் எங்கள் ஈழத்துச் சனம் நிறைய. எங்களுக்காகப் பாராளுமன்றத்தில் பேசுகிற மனிதர். அவரைத் தமிழில் யார் அறிமுகம் செய்வது என்ற பேச்சு வந்தபோது, சங்கச் செயலாளரான அப்பா, "என்ர மகள் செய்வாள்" என்று சொல்லிவிட்டார்.

தலைவர் குணம் மாமா சிரித்தாராம். "இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு எங்க தம்பி தமிழ் வரப்போகுது?"

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. எனக்கும்தான். அப்பாவின் மானம் இப்போது என் நாக்கில் இருந்தது.

என் தமிழோ எங்கள் சமையலறையில் பாடும் தமிழ் வானொலி போட்ட பிச்சை. அம்மா அதை நிறுத்துவதே இல்லை. அதில் ஒரு மனிதரின் வாழ்க்கையை மரியாதையாகச் சொல்லும் ஒரே நிகழ்ச்சி மரண அறிவித்தல். என்ன நடை, என்ன உருக்கம்! அப்படியே எழுதினேன். (இறந்த செய்தியை மட்டும் கவனமாக எடுத்துவிட்டேன். அவ்வளவு அறிவு இருந்தது.) அப்பாவுக்குக்கூடக் காட்டவில்லை, அசந்துபோகட்டும் என்று.

விழாவன்று எம்.பி.யின் ரயில் தாமதம். மண்டபத்தையோ நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "ஆள் வாறதுக்குள்ள நீ வாசி பிள்ளை" என்றார் குணம் மாமா. மேடையில் எம்.பி.யின் பெரிய படம். முன்னால் குத்துவிளக்கு. அவருக்குப் போட வைத்திருந்த மாலை கசங்கிவிடும் என்று யாரோ அதைப் படத்தின்மேல் தொங்கவிட்டிருந்தார்கள்.

வானொலிக் குரலில் மெதுவாக ஆரம்பித்தேன். "வேல்ஸைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்டவரும், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் அன்பு மகனும், மார்கரெட்டின் பாசமிகு கணவரும், ஆசிரியராகவும் நகரசபை உறுப்பினராகவும் அரும்பணியாற்றியவரும், இரண்டு தேர்தல்களில் தோற்றும் மனந்தளராமல் பாராளுமன்றம் புகுந்தவருமான..."

முன்வரிசையில் ஓர் அக்கா மூக்கை உறிஞ்சினார். "ஐயோ, எப்ப நடந்தது?"

"தெரியாதக்கா. போன கிழமையும் ரீவியில பாத்தனான்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

என் உருக்கம் வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, குரலை இன்னும் தாழ்த்தி, வானொலி அறிவித்தல்கள் முடிகிற அதே வரியால் முடித்தேன். "இதனை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்."

ஒருவர் எழுந்தார். பிறகு மண்டபமே எழுந்து, தலைகுனிந்து, மௌன அஞ்சலி செலுத்தியது. மேடையோரத்தில் அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, பெட்டியும் கையுமாக, மூச்சிரைக்க எம்.பி. வந்தார்.

பின்வரிசையில் மன்னாரிலிருந்து வந்த ரீச்சர் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். எம்.பி.யோ எழுந்து நின்ற சனத்தைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "என் அரசியல் வாழ்க்கையில் எனக்காக ஒரு மண்டபமே எழுந்து நின்றதில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். குணம் மாமா பாய்ந்து போய்ப் படத்து மாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். யாரும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

வீடு போகும்வரை நான் அழுதுகொண்டே வந்தேன். குணம் மாமா அதற்குப் பிறகு கூட்டத்துக்குக் கூட்டம் அந்தக் கதையைச் சொல்லி அப்பாவைச் சீண்டினார்.

சில வருடங்களில் அந்த எம்.பி. தேர்தலில் படுதோல்வி அடைந்து அரசியலை விட்டே போய்விட்டார். செய்தி கேட்டதும் அப்பா முதல் வேலையாகக் குணம் மாமாவுக்குப் போன் போட்டார். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அன்று போனில் அவரிடம் சொன்னதைப் பெருமையோடு சொல்லிக் காட்டுவார்:

"பாத்தியளே அண்ணை, என்ர மகள் அண்டைக்கே அறிவிச்சிட்டாள்!"