வாடை போன எண்ணெய்

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுகிறேன். நலம் என்றே தொடங்க நினைத்தேன். எந்த அளவுக்கு நலம் என்பதில் எனக்கே தெளிவில்லாததால், சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பப்பாளி விதை எண்ணெயின் குணங்கள்.
2. அதன் வாடையை நான் நீக்கிய முறை.
3. அதன் பயன்கள்.
4. உங்கள் அக்காவின் ஞாபகசக்திக்கு ஒரு குறையும் இல்லை, ஆகவே நீங்கள் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவர வேண்டாம் என்பது.

பழச்சாறுக் கடையில் தினமும் வாளி வாளியாக விதையைக் கொட்டுகிறார்கள். அதை வாங்கி உலர்த்திப் பொடித்துப் பிழிந்தால் மஞ்சள் எண்ணெய் வருகிறது. பத்தில் ஏழு பங்கு ஓலிக் அமிலம் என்பதால் அவ்வளவு எளிதில் கெட்டுச் சிக்கு வாடை பிடிக்காது. சருமத்துக்கு இதம், சோப்புக்கு ஏற்றது என்கிறார்கள். நான் சரிபார்க்கவில்லை. ஒரே குறை, பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற கந்தகச் சேர்மம். கடுகு அரைத்தது போல் மூக்கில் ஏறும். குக்கரில் ரப்பர் குழாயைச் செருகி, நீராவியை எண்ணெய்க்குள் செலுத்தி அதை விரட்டலாம் என்று கணக்கிட்டு, மாதிரி மாதிரியாகச் செய்து பார்த்தேன். போயிற்றா இல்லையா என்று பார்க்கத்தான் வழியில்லை. முப்பத்தாறு வருடம் கல்லூரி ஆய்வகத்தில் இருந்ததில் என் மூக்கு எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது. அதனால் உங்கள் அக்காவின் மூக்கைக் கருவியாக வைத்துக்கொண்டேன். அவள் சொன்னதைத் தேதியிட்டு நோட்டில் எழுதினேன். முதல் மாதிரி: "என்ன எழவு நாத்தம் இது, வீட்டுல மனுஷங்க இருக்கறதா வேண்டாமா?" நான்காவது: "போன தடவைக்கு இது தேவலை." ஏழாவது: "ஒண்ணுமே அடிக்கலையே." அதற்குக் கீழே சிவப்பு மையில் 'வெற்றி' என்று எழுதினேன். அன்று அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகியிருந்ததையும் எழுதியிருக்கிறேன், ஆனால் வேறு பக்கத்தில்.

சோப்பு தயாரிப்பவர் ஒருவரை வரவழைத்தேன். உள்ளே வந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "சார், முதல்ல ஜன்னலைத் திறங்க," என்றார். "எண்ணெயில வாசனையே இல்லையே, நீங்க எதை மோந்தீங்க?" என்றாள் உங்கள் அக்கா. "அம்மா, தெருமுனையிலயே அடிக்குது. உங்க வீட்டுல எலி செத்துக் கிடக்குன்னு எதிர்வீட்டுல பேசிக்கறாங்க." அவர் மூக்கில்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு நாள் நம்பினேன்.

பிறகு உங்கள் அக்காவின் மூக்கைக் காட்ட டாக்டரிடம் போனோம். காப்பிப் பொடி, ஆரஞ்சுத் தோல், சோப்பு என்று ஒவ்வொன்றாக நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "தண்ணி" என்றாள். "மூக்குல அடைப்பு இல்லை. மறதி நோய் சில பேருக்கு இப்படியும் ஆரம்பிக்கும். உறுதியா சொல்ல முடியாது, ஸ்கேன் எடுத்துப் பாப்போம். எப்போலேர்ந்து சார் இப்படி?" என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு துல்லியமா யாரும் குறிச்சுக் கொண்டுவந்ததில்லை," என்றார். ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஸ்கேன் வரும் வியாழக்கிழமை.

ஆனாலும் நான்காவது விஷயத்தில் எனக்குச் சந்தேகமில்லை. கல்யாணத்தன்று உங்கள் அப்பாவை நான் சரியாக வரவேற்கவில்லை என்று முந்தாநாள்கூடச் சண்டை போட்டாள், நான் கட்டியிருந்த கடிகாரத்தின் வார் நிறம் உட்பட. இப்படிப்பட்டவளுக்கு மறதி என்றால் யார் ஏற்பார்கள்? நீங்கள் நிம்மதியாகக் கடையைப் பாருங்கள்.

உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் இருவர் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: உறையில் ஸ்டாம்ப் ஒட்டும்போது, யாருக்கு என்று கேட்டாள். உன் தம்பிக்கு என்றேன். "எதுக்கு ஸ்டாம்ப்பை வீணாக்கறீங்க? ஸ்கூல் விட்டு வரட்டும், நேர்லயே சொல்லிக்கலாம்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்காவது விஷயம் தவறு.