பைப்பைத் தொட்டுவிட்டு உள்ளே வாருங்கள்

எர்த் மனிதர் என்றொரு இனம் இருக்கிறது; மின்சாரத்தை மண்ணுக்கு இறக்குவார்களே, அந்த எர்த். கை குலுக்கலாம் என்று கையை நீட்டினால் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "மொதல்ல அந்தப் பைப்பத் தொட்டுட்டு வாங்க" என்று சொல்லும் மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால், குளிர்காலத்தில் எங்கள் வடக்கு டகோட்டாவுக்கு வந்து என் அக்காள் லவோன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். திறப்பவர் என் அத்தான் ஆர்விட். அந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி.

இந்த இனம் உருவாவது பேஸ்மென்ட்டில். சுட்டுப்போட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் புதுக் கேப் செருகி, வெடிமருந்தை எடை நிறுத்து ஊற்றி, மேலே குண்டை வைத்து அழுத்திப் புதுத் தோட்டாவாக்குவது எங்கள் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னுவதுபோல வீட்டு வேலை. ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று காய்ந்து கிடக்கும். கம்பளத்தில் நாலடி நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் உடம்பில் ஏறிய மின்சாரம் சுள்ளென்று அடிக்கும். மருந்துத் துகள்கள் பிளாஸ்டிக் புனலில் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும், அளவு தப்பும். அதுவும் மருந்துக்குப் பக்கத்தில் பொறி என்றால் யாருக்குத்தான் பயம் வராது? பயப்படுவது நியாயம்தான். ஜாக்கிரதையாக இருப்பதும் நியாயம்தான். எர்த் மனிதர் அதோடு நிற்பாரா?

நிற்கமாட்டார். அவர் பருத்திச் சட்டைதான் போடுவார், உள்ளே போட்டிருப்பதும் பருத்திதான் என்று நாம் கேட்காமலே சொல்லுவார், காற்றில் ஈரம் ஏற்ற இரண்டு இயந்திரங்களை இரவு பகலாக ஓடவிட்டுச் சுவர்த்தாள் உரிந்து தொங்கும் வரை ஓயமாட்டார், ஈரமானியின் முள்ளைப் பார்க்கும் நேரத்தில் பாதி நேரம் பெண்டாட்டி முகத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. இதெல்லாம் போதாது என்று, மின்சாரம் ஏறாதிருக்கத் துணி உலர்த்தும் இயந்திரத்தில் போடுகிற வாசனைத் தாள் இருக்கிறதே, அதை எடுத்துப் புனலைத் துடைப்பார், அளவைக் குழலைத் துடைப்பார், தராசைத் துடைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், கடைசியில் தாடியையும் துடைத்துக்கொள்வார். லாவெண்டர் மணம். ஐந்து வருஷமாக அத்தான் ஒரு மான்கூட அடித்துக்கொண்டு வந்ததில்லை.

"காத்து மாறிப்போச்சு மாவிஸ்" என்பார் என்னிடம்.

"காத்து மாறல அத்தான். சலவைக்கடையே நடந்து வருதேன்னு மான் ஓடியிருக்கும்."

"ஒனக்கு எல்லாம் கேலிதான். வெடிச்சா தெரியும்."

ஆனால் இந்தச் சடங்குகளுக்கெல்லாம் மூலஸ்தானம் ஒன்று உண்டு. பேஸ்மென்ட்டில் அவர் மேசைக்குப் பின்னால் பலகைச் சுவருக்குள் இறங்கும் செப்புத் தண்ணீர்ப் பைப்; பலகையின் இடைவெளியில் கொஞ்சம் மட்டும் வெளியே தெரியும். அதில் ஒரு பிடி. பிடியிலிருந்து பச்சைக் கம்பி. கம்பியின் இந்த முனை அவர் மணிக்கட்டுப் பட்டையில். உடம்பில் ஏறுகிற மின்சாரமெல்லாம் கம்பி வழியாகப் பைப்புக்குப் போய், பைப் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடுமாம். பைப்பில் ஒரு அட்டை, சிவப்பு மையில்: "இந்தப் பைப்பை யாரும் கழற்றவோ வெட்டவோ கூடாது. — ஆர்விட்". அடியில் இரண்டு கோடு வேறு.

முதலில் மேசையைத் தொடுகிறவர்கள் மட்டும் பைப்பைத் தொட வேண்டும் என்றார். பிறகு பேஸ்மென்ட்டுக்கு இறங்குகிற எல்லோரும் என்றார். அழுக்குத் துணிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அக்காள் ஐந்து எண்ணும்வரை பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு வீட்டுக்குள் நுழைகிற எல்லோரும் என்று ஆயிற்று. பாதிரியார்கூட ஒரு தடவை தொப்பியோடு கீழே இறங்கித் தொட்டுவிட்டு வந்துதான் காப்பி குடித்தார். வியாழக்கிழமைகளில் துப்பாக்கிக் கிளப்பில் அத்தான் நாற்பது நிமிஷம் பேசுவார். பேச்சின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எல்லாம் பைப்புலதான் இருக்கு."

சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முந்திய கிறிஸ்துமஸுக்கு மினியாபொலிஸிலிருந்து வந்த அவர்கள் மகள் பிரித்தா, புருஷனின் கம்பளிச் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொன்னதற்காக மறுநாளே கிளம்பிப் போய்விட்டாள். மறு வருஷம் வரவில்லை. போன செப்டம்பரில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, பெயர் டாக்னி. அக்காள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அத்தான் போகாததற்குச் சாக்கு, முதலில் மான் பருவம், அப்புறம் பனி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருவதாகப் பிரித்தா போனில் சொன்னபோது ஒரு நிபந்தனையும் சொன்னாள்: இன்னொரு தடவை பைப் நாடகம் நடந்தால் வண்டி ஃபார்கோவுக்கு, மாமியார் வீட்டுக்குத் திரும்பும், அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிப்பதில்லை. அக்காள் இதை அத்தானிடம் வார்த்தை பிசகாமல் சொன்னாள். நானும் பக்கத்தில் இருந்தேன். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

இந்தத் தலையாட்டலைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் உட்கார்ந்து அக்காள் லெஃப்ஸே ரொட்டி சுட்டாள். தொட்டிலைத் துடைத்து ஜன்னலோரம் போட்டாள். நான்கு மணிக்கு வண்டி வந்து நின்றது. பிரித்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். குழந்தைக்குப் போட்டிருந்ததோ நைலான் குளிருடை, தலைமுதல் கால்வரை புசுபுசுவென்று; அசைந்தாலே படபடவென்று பொறி பறக்கும் ஜாதி. அத்தானின் இரண்டு கையும் தானாக நீண்டன. பொய் சொல்லமாட்டேன், அந்த ஒரு நிமிஷம் அவர் எர்த் மனிதரே இல்லை, வெறும் தாத்தாதான். அப்புறம் அவர் கண் குளிருடைமேல் விழுந்தது. கைகள் பின்னுக்குப் போயின.

"ஒரே ஒரு நிமிஷம்மா. கீழ கொண்டுபோய்க் கால் கட்டவிரல மட்டும் பைப்புல வெச்சுட்டு..."

"அப்பா! மூணு மாசக் கொழந்த!"

"கொழந்தைக்குத்தாம்மா ஜாஸ்தி ஏறும். நான் தூக்கிட்டு அப்புறம் மேசைக்குப் போகணும்ல? எம்மேல ஒட்டுமே!"

"அப்ப மேசைக்குப் போகாதீங்க."

"மருந்தப் பாதி நிறுத்து வெச்சிருக்கேன்."

பிரித்தா குழந்தையின் தொப்பியை இழுத்துக் காதை மூடினாள். எங்கள் வீட்டுப் பெண்கள் தொப்பியை இழுத்துவிட்டார்கள் என்றால் புறப்பட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வெளியே மாப்பிள்ளை இன்னும் இஞ்சினை அணைக்கவே இல்லை, விவரமான பையன்.

"நில்லுடி" என்றாள் அக்காள். நாற்பது வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அத்தான் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, கொழந்த அந்தப் பைப்பத் தொடவேண்டாம். அது எங்கயும் போகல."

"எங்கயும் போகலன்னா?"

"மண்ணுக்குப் போகலங்க. நாலு வருஷம் முன்னாடி, நீங்க மான் வேட்டைக்குப் போயிருந்தப்ப, பைப்பு உறைஞ்சு வெடிச்சுது. மொத்தத்தையும் மாத்திப் பிளாஸ்டிக் போட்டாச்சு. வந்ததும் சொன்னேன். சாப்பிடறப்ப சொன்னேன். சர்ச்சுக்குப் போறப்ப வண்டியில சொன்னேன். மூணு தடவையும் தலையாட்டினீங்க."

"செப்புப் பைப்பு அங்கதானே இருக்கு! நான் தினம் பாக்கறேனே!"

"அது ஒரு முழம். பைப்பு போட வந்தவரு ஒங்க அட்டையப் படிச்சுட்டு, அந்தத் துண்ட மட்டும் வெட்டமாட்டேன்னுட்டாரு. மேலயும் கீழயும் பிளாஸ்டிக்."

அத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனார். பலகை கழற்றும் சத்தம் கேட்டது. நானும் அக்காளும் பிரித்தாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான்கு வருஷம், அத்தனை வியாழக்கிழமை, பாதிரியார், துணிக்கூடை! எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு முட்டியது, அக்காள் முறைத்தாள், அடக்கிக்கொண்டேன்.

மேலே வந்தபோது அவர் கையில் அந்த அட்டை இருந்தது.

"லவோன், அப்ப நாலு வருஷமா நான் எதுல என்னைக் கட்டியிருந்தேன்?"

"ஒங்க அட்டையிலதான்" என்றேன் நான். வாய் சும்மா இருக்காதே எனக்கு.

அவருக்குக் கோபம் வரவில்லை. பிரித்தா முன்னால் போய் நின்றார். அட்டையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார். பிரித்தா தொப்பியைக் காதிலிருந்து மேலே தள்ளிவிட்டுக் குழந்தையை நீட்டினாள். நைலான், கம்பளம், காய்ந்த காற்று. குழந்தையின் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் சட்டென்று ஒரு நீலப்பொறி தாண்டியது. குழந்தை கண்ணை அகல விரித்தது. அழவில்லை. அழுதது அத்தான்தான்.

"ஷாக் அடிச்சதுக்கா அத்தான்?"

"ஆமா" என்றார்.

மாப்பிள்ளை இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வந்தார், கம்பளிச் சட்டையோடு. நான்கு நாள் இருந்தார்கள். நிறுத்து வைத்த மருந்து, இறுக மூடிய டப்பாவுக்குத் திரும்பிப் போயிற்று.

அத்தான் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, முறையாகச் சோதித்து, புதுக் கம்பி போட்டாயிற்று. இப்போது கிளப்பில் ஐம்பது நிமிஷம் பேசுகிறார், கடைசி வரி மாறியிருக்கிறது: "எல்லாம் மறுமுனையிலதான் இருக்கு." ஒன்று மட்டும் புதுசு. அக்காள் பேச வாயெடுத்தால் தராசை மூடிவிட்டுத் திரும்பி உட்காருகிறார்.

சரி, இப்போது உங்களிடம் வருகிறேன். நான் தோட்டா செய்வதில்லை, எனக்கென்ன என்கிறீர்களா? உங்களுக்கும் ஒரு பைப் இருக்கும். தினமும் தொட்டுக்கொள்வீர்கள், மற்றவர்களையும் தொடச் சொல்லுவீர்கள், அட்டைகூட எழுதி மாட்டியிருப்பீர்கள். இந்த வாரம் உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார்கள். என்ன விஷயம் அது, நினைவிருக்கிறதா?

என்ன, தலையாட்டுகிறீர்கள்?