உதட்டைத் தூக்கிக் காட்டிய மூன்று நாட்கள்

“ஒரு வாரம் உதட்டைத் தொடாம இருப்பீங்களா? எனக்கு நம்பிக்கை இல்லை” என்று ஈறு டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியலில் முதுகலை வேறு. என்மேலா சந்தேகம்?

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படியில் விழுந்து முன்பல்லைத் தொலைத்தவள் நான். (செஞ்சிக்காரி கோட்டையில் விழுந்தாள் என்று வெளியூரில் சொல்லிக்கொள்வதில்லை.) அந்த இடத்தில் எலும்புக்குள் திருகாணி மாதிரி ஓர் இம்பிளான்ட் பதித்து, அதன்மேல் பல் வைத்தார்கள். பல் நன்றாகத்தான் இருந்தது. ஈறுதான் மெலிந்து மேலே ஏறிவிட்டது. சிரித்தால் உலோகம் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். ஜூனில் நான் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர வேண்டும். முதல் வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து வாய்நிறையச் சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதையை எடுத்து ஈறில் வைத்துத் தைத்துக்கொண்டு எங்கள் ஊர் சிங்கவரத்துக்குத் திரும்பினேன்.

“பார்க்கணும்னு ஆசை வரும். தூக்கினா தையல் பிரிஞ்சிடும், சதை ஒட்டாது” என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்கும் தெருவுக்கும் நடந்தேன். நாக்கு என்னைக் கேட்காமலே தையலைத் தேடிப் போனது. மாலையில், நைனாவின் அக்கா, என் அத்தை, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்.

“இன்னாடி செல்வி, மேல்வாய்ல அறுத்து ஈறுல வச்சி தச்சாங்களாமே? கிழிஞ்ச துணியா அது, ஒட்டுப் போடறதுக்கு? படிச்ச பொண்ணுன்னுதான் பேரு. நல்லா ஏமாத்தி உட்டுட்டானுங்க.”

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஏமாந்தவள் என்று சொல்லக் கூடாது. உதட்டைத் தூக்கினேன். கைப்பேசி வெளிச்சத்தில், இதுதான் ஒட்டிய சதை, இங்கே புது ரத்தக்குழாய் வளரும் என்று பாடம் நடத்தினேன். அத்தை வாயைப் பிளந்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் உடம்பு விசாரிக்க வருபவர்கள் புண்ணையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். மறுநாள் காலையில் அத்தை நான்கு பேரோடு வந்தார். நைனா வாசலில் நின்று, “மெதுவா, மெதுவா, எல்லாரும் பாக்கலாம்” என்று ஒழுங்குபடுத்தினார். நான் பட்டம் வாங்கிய அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த அதே பெருமை. அதைப் பார்த்தபின் உதட்டை இறக்க மனம் வருமா? (எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன்.)

மூன்றாம் நாள், பதினேழாவது ஆளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அத்தை குனிந்தார்.

“ஏண்டி, நூலு தொங்குது. புட்ச்சி இஸ்துடட்டா?”

அடுத்த பஸ்ஸில் நானும் நைனாவும் டாக்டரிடம் ஓடினோம்.

“எத்தனை தடவை தூக்கினீங்க?”

“ஒரு தடவைதான்” என்றேன்.

நைனா எனக்குத் துணைக்கு வந்தார். “ஆமா டாக்டர், ஒருத்தருக்கு ஒரு தடவதான். ரெண்டாவது தபா கேட்டவங்கள நான் உடவே இல்ல.”

டாக்டர் சிரிக்கவில்லை. வைத்த சதை ஒட்டாமல் வெளுத்துப் போயிருந்தது. புண் ஆறிய பிறகு, அண்ணத்தின் மறுபக்கத்திலிருந்து எடுத்து மறுபடி தைக்க வேண்டும், சில மாதங்கள் ஆகும் என்றார்.

ஜூனில் மேலுதட்டை இறுக்கிக்கொண்டே வகுப்புக்குள் போனேன். முதல் வாரத்திலேயே ‘சிடுமூஞ்சி மிஸ்’ என்று பெயர் வந்துவிட்டது. வீட்டில் யார் இரண்டாவது வடை கேட்டாலும் அம்மா, “ஒருத்தருக்கு ஒரு தடவதான்” என்பார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

காலாண்டு விடுமுறையில் மறுபடி தைத்தார்கள். இம்முறை நாற்காலியை விட்டு எழும் முன்பே டாக்டரைப் படம் எடுக்கச் சொல்லி, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் அத்தையின் குரல் பதிவு வந்தது.

“போட்டோல ஒண்ணும் சரியா தெரில செல்வி. சாய்ங்காலம் நேர்ல வந்து பாத்துக்கறோம். ஒம்போது பேரு.”

சிங்கவரம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் அதைத் தாண்டிப் போய்த் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, அங்கே இருக்கும் தோழிக்கு ‘ஒரு வாரம் உன் அறையில்தான்’ என்று செய்தி அனுப்பிவிட்டுக் கைப்பேசியை அணைத்தேன்.