உயிலில் ஆறு ஓட்டை

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நம்மாளு பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியமும் செய்ததில்லை. செய்யப் பார்த்ததுண்டு, முடிந்ததில்லை. இந்தத் தடவை முடித்தே காட்டுவது என்று, முகத்தில் பாதிச் சோப்போடு கண்ணாடி முன்னால் நின்று சபதம் போட்டார்.

காரியம் இதுதான். அவர் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். போன வருஷம் கண்ணை மூடினார். கடையும் அதற்கு மேலே இருக்கிற ஒற்றை மாடி அறையும் மகனுக்கு என்று உயில் இருந்தது. கடை எப்படியோ போகட்டும். நம்மாளுக்கு வேண்டியது அந்த அறை. ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி, உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள். காலை நீட்டிக்கொண்டு பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கலாம். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற உத்தியோகம் அவருக்கு. அவர் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். வீட்டில் அவர்தான் நிற்பார்.

விஷயம் வெளியே தெரிந்தால் மாடி போச்சு. வீட்டம்மா தன் தம்பியைக் கொண்டுவந்து குடிவைத்துவிடுவாள் என்று பயம். மச்சான் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கிளப்புவதற்குக் கிரேன் கொண்டுவர வேண்டும். அதனால் காதும் காதும் வைத்த மாதிரி வக்கீலைப் பிடித்து, உயிலைக் கோர்ட்டில் உறுதி பண்ணி வாங்கிவிட்டு (அதற்குப் புரொபேட் என்று பேராம்) அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம்.

உயில் பீரோவில். பீரோ சாவி வீட்டம்மாவிடம். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, உயிலை உருவிப் பனியனுக்குள் செருகிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார். இருந்த இடத்தில் நகலை வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டே தாள், மூலையில் பின் அடித்திருந்தது. தாள் படிந்து உட்காரவில்லை என்று நகத்தால் அந்தப் பின்னைப் பிடுங்கினார். நகல் எடுத்த பிறகு கடைக்காரரிடம் ஸ்டேப்ளர் வாங்கி, தன் கையாலேயே புதுப் பின் அடித்தார். அடித்தபோது ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

வக்கீலம்மா உயிலைப் படிக்கவே இல்லை. மூலையைத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"பின்னை யார் சார் கழட்டினது?"

நகல் எடுக்கத்தான் என்று நம்மாளு வழிந்தார். வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார். உயிலில் பின் கழட்டின தடம் இருந்தால் கோர்ட் சும்மா விடாது. கூட இருந்த தாள் எதையாவது உருவிவிட்டார்களா என்று கேட்கும். கழட்டினவர் பிரமாணம் எழுதித் தர வேண்டும். இவ்வளவுதானே, இப்பவே எழுதித் தருகிறேன் என்றார் நம்மாளு.

"இருங்க. பழைய பின்னுக்கு ரெண்டு ஓட்டை. நீங்க அடிச்சதுக்கு ரெண்டு. இங்க ஆறு இருக்கே சார்."

உயில் யார் பொறுப்பில் இருந்தது என்று கேட்டார் வக்கீலம்மா. பீரோவில் என்றார். சாவி யாரிடம் என்று கேட்டார். நம்மாளு மின்விசிறியைப் பார்த்தார். வக்கீலம்மாவும் குடும்பஸ்தர்தான் போல, அதற்குமேல் கேட்கவில்லை. உயிலோடு வேறு தாள் எதுவும் இருக்கவில்லை என்று ஒரு பிரமாணத்தை டைப் அடித்து, வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று கொடுத்தனுப்பினார்.

டிப்போவில் இன்சூரன்ஸுக்குக் கேட்கிறார்கள், இங்கே ஒரு கையெழுத்துப் போடு என்று வீட்டம்மாவிடம் நீட்டினார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்து எழுத்தாகப் படித்தாள். கோபப்படவில்லை.

"இதுல நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

"ஏன்?"

"பொய்யாச்சே."

தையல் டப்பாவைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். மூலையில் இரண்டு ஓட்டை. உயிலுக்குப் பின்னால் அப்பா எழுதிச் சேர்த்த திருத்தம், அவர் கோணல் கையெழுத்தோடு. டீக்கடைக்காரரும் தையல்காரரும் சாட்சி. கடை மகனுக்கு, மாடி அறை மருமகளுக்கு.

"மாமாவே உயில்லேருந்து கழட்டி, மிச்சத்துக்கு மறுபடி பின் அடிச்சுட்டு, எங்கிட்ட குடுத்தது. 'அந்த ரூம் எனக்கு வேணும்னு அவன் வாய்விட்டு உன்கிட்ட கேட்டா, இதைக் கிழிச்சுப் போட்டுடும்மா. ஒளிச்சு ஏதாவது பண்ணினா மட்டும் வெளிய எடு'ன்னார். நானும் ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருக்கேன், நீங்க கேக்கவே இல்லை."

"சரி, இப்ப கேக்கறேன்."

"ஒளிச்சு வக்கீல் வரைக்கும் போயாச்சே, இனிமே இதைக் கிழிக்க முடியாதுங்க."

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வக்கீலம்மாவிடம் போனார்கள். சம்சாரம் குளிக்கும்போது சாவியை எடுத்தேன் என்று நம்மாளு பிரமாணம் எழுதிக் கொடுத்தார். கையெழுத்துக்கு முன்னால் குமாஸ்தா அதை உரக்கப் படித்தார். பக்கத்து நாற்காலியில் காத்திருந்த யாரோ ஒருவர் காதில் சரியாக விழவில்லை என்றார், குமாஸ்தா இன்னொரு தடவையும் படித்தார்.

மாடி அறை மருமகளுக்கே என்று கோர்ட் ஆர்டர் வந்த அன்றைக்கு நம்மாளு மனதைத் தேற்றிக்கொண்டு, உன் தம்பி எப்போது குடிவருகிறான் என்று கேட்டார்.

"அவன் எதுக்கு அங்க? ஒரு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாத இடம் ஒண்ணு வேணும்னு எனக்கும் இருக்காதா?"

இப்போதெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு நம்மாளு டீ டம்ளரோடு பதினாலு படி ஏறிப் போய்க் கதவைத் தட்டுகிறார். உள்ளேயிருந்து பேப்பர் புரளும் சத்தம் கேட்கும். அப்புறம் குரல் வரும்:

"அங்கேயே வச்சுட்டுப் போங்க."