மத்தவங்க ஒத்துக்க மாட்டாங்க

மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை மக்களுக்கே தெரியாமல் பத்திரமாக வைத்திருக்கும் பெருமை எங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. 'பொதுமக்கள் ஆதரவு அளவீட்டு இயக்ககம்' என்று வாசலில் பலகை தொங்குகிறது. ஒரு திட்டம் வருவதற்கு முன்னால், மக்கள் அதை ஏற்பார்களா என்று நாங்கள் அளந்து சொல்வோம். பதினான்கு ஆண்டுகளாக அளக்கிறோம். நாங்கள் அளந்த எந்தத் திட்டமும் அதன்பிறகு யாரையும் தொந்தரவு செய்ததில்லை. நான் அங்கே முதுநிலைக் கள ஆய்வாளர்.

இந்த வருடம் எங்கள் மேசைக்கு வந்தது 'நண்பகல் நிழல் திட்டம்'. வெயில் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போகிறது. வெளியில் வேலை செய்கிறவர்கள் சுருண்டு விழுகிறார்கள். ஆகவே கோடையில் மூன்று மாதம், பதினொரு மணி முதல் நாலு மணி வரை திறந்தவெளியில் வேலை கிடையாது. கூலியில் பிடித்தமும் கிடையாது. குப்பை வண்டி காலையிலேயே வந்துவிடும். பார்சல் சாயங்காலம் வரும். சாலை தோண்டுகிறவர்கள் விடியும்போது தொடங்கிவிடுவார்கள், அந்தச் சத்தத்தைத் தெருக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

என் மனைவியின் தம்பி சாலை தோண்டுகிறவன். குழாய் பதிக்கும் கூட்டத்தில் ஆறு வருடமாக இருக்கிறான். எங்கள் வீட்டு மாடியறையில்தான் குடியிருப்பு. சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றினால், முதுகில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். போன மாதம் அவனுடைய கூட்டத்தில் இரண்டு பேர் பள்ளத்துக்குள்ளேயே மயங்கிவிட்டார்கள்.

"இது வந்துருமா மாமா?" என்று காலைச் சாப்பாட்டின்போது கேட்டான்.

"மக்கள் கையிலதான்டா இருக்கு," என்றேன். அரசு ஊழியன் அதற்கு மேல் வாக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்று தெருக்கள், நூற்றிருபது பேர். படிவத்தில் இரண்டே கேள்விகள். ஒன்று: 'இத்திட்டத்துக்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?' இரண்டு: 'மற்றவர்கள் சம்மதிப்பார்கள் என்று கருதுகிறீர்களா?'

முதல் வீடு ஒரு பல் டாக்டருடையது.

"எனக்குச் சம்மதம் சார். பாவம், அவங்களும் மனுஷங்கதானே. குப்பையை ரெண்டு மணி நேரம் முன்னாடி வெச்சா என்ன குறைஞ்சிரும்?"

"மத்தவங்க?"

அவர் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒத்துக்க மாட்டாங்க சார். எதிர்ல வங்கி மேலாளர் அம்மா இருக்காங்க. நல்லவங்கதான். ஆனா காலையில சத்தம் கேட்டா சண்டைக்கே வந்துருவாங்க."

எதிர்வீட்டுக்குப் போனேன். இடையில் நாலடி நடைபாதைதான்.

"தாராளமா கொண்டு வரட்டும்," என்றார் மேலாளர் அம்மா. "நான் எப்படியும் அஞ்சு மணிக்கு எழுந்துருவேன். சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது."

"மத்தவங்க?"

"அது நடக்காதுங்க. எதிர்ல டாக்டர் இருக்காரு பாருங்க, தங்கமானவர். ஆனா குப்பை விஷயத்துல ரொம்பக் கறார்."

இரண்டு பேரையும் வாசலுக்குக் கூப்பிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கள் நடத்தை விதி ஏழு, ஒருவர் பதிலை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்கிறது. மக்களின் நல்லெண்ணத்தை மக்களிடமிருந்து காப்பதற்கென்றே எழுதப்பட்ட விதி அது. நான் பேனாவை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த வீட்டிலும் அதே கதைதான். தையற்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு வக்கீல்கள், மாமியாரும் மருமகளும் தனித்தனியாக, எல்லாருக்கும் சம்மதம். எல்லாருமே மற்றவர்களை நினைத்து உச்சுக்கொட்டினார்கள். மருமகள் மட்டும் மாமியார் இருந்த சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "வெளியில வரைக்கும் போவானேன்," என்றாள்.

நூற்றுப் பதினேழாவது வீட்டில் ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி ஒருவர் இருந்தார். சட்டையை மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

"எனக்குச் சம்மதம் இல்லை," என்றார்.

அந்த மூன்று தெருக்களிலும் நான் கேட்ட ஒரே மறுப்பு அதுதான். காரணம் கேட்டேன்.

"எனக்கு மத்தியானம் பார்சல் வந்தாகணும். சாயங்காலம் நான் நடக்கப் போயிருவேன். அதுக்கு மேல காரணம் இல்லை."

"மத்தவங்க சம்மதிப்பாங்களா சார்?"

"கட்டாயம் சம்மதிப்பாங்க. கண்ணு முன்னாடி ஒருத்தன் விழுந்தா யாருக்குத்தான் மனசு கேக்கும்? இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தான் இப்படி."

தன்னைப் பற்றியும் பிறரைப் பற்றியும் ஒரே நாளில் உண்மை பேசிய அவரை நான் மனதுக்குள் வணங்கிவிட்டு வந்தேன்.

கணக்கு சுலபமாக முடிந்தது. முதல் கேள்விக்கு 'ஆம்' நூற்றுப் பத்தொன்பது, 'இல்லை' ஒன்று. இரண்டாவது கேள்விக்கு 'ஆம்' ஒன்று, 'இல்லை' நூற்றுப் பத்தொன்பது. இயக்குநரின் அறைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தோளில் சால்வை போட்டிருந்தார்.

"முதல் கேள்வியோட பதிலை அனுப்பிரலாமா சார்?"

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "நம்ம அலுவலகத்தோட பேர் என்ன?"

"பொதுமக்கள் ஆதரவு..."

"பொது. ஒருத்தர் தன்னைப் பத்திச் சொன்னா அது சொந்தக் கருத்து. மத்தவங்களைப் பத்திச் சொன்னாத்தான் அது பொதுக் கருத்து. நாம அளக்கிறது எது?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"அப்ப நூத்துப் பத்தொன்பது பேர் எதிர்ப்புன்னு வரும் சார்."

"வந்தா வரட்டும். நாம என்ன திரிச்சா எழுதப்போறோம்? அவங்க வாயால சொன்னதுதானே."

"தணிக்கை அதிகாரி ஒருத்தர்தான் ஆதரவாளர்னு ஆயிருவாரே சார்."

"நல்லது. எதிர்க்குரலும் பதிவாகணும். அதுதானே ஜனநாயகம்."

நான் அறையை விட்டு நகரவில்லை. என் மச்சானைப் பற்றிச் சொன்னேன், பள்ளத்தில் விழுந்த இருவரைப் பற்றியும் சொன்னேன். இயக்குநர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லைன்னா நினைக்கிறீங்க? தனிப்பட்ட முறையில நான் முழு ஆதரவு. ஆனா மேல ஒத்துக்க மாட்டாங்க."

மேலே இருப்பவர் துறைச் செயலாளர். அறிக்கையோடு என்னையும் அனுப்பினார்கள். செயலாளர் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார்.

"அருமையான திட்டம்," என்றார். "நானே கொண்டு வரணும்னு நினைச்சேன். மக்கள் ஒத்துக்க மாட்டேங்கிறாங்களே, என்ன பண்றது?" பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடினார்.

மறுநாள் பத்திரிகையில் 'நிழல் திட்டம்: பொதுமக்கள் கடும் எதிர்ப்பு' என்று பெரிய எழுத்தில் வந்தது. பல் டாக்டரும் மேலாளர் அம்மாவும் அதைப் படித்துவிட்டு, தாங்கள் நினைத்தது சரிதான் என்று அவரவர் வீட்டுக்குள் தலையாட்டியிருப்பார்கள். மச்சானும் படித்தான். இரண்டு பாட்டில் தண்ணீரை மூன்றாக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போனபோது அவன் பேச்சில்லாமல் கிடந்தான். கையில் ஊசி, வாயோரம் வெடிப்பு. மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிழைச்சுட்டார்," என்றார் டாக்டர். "ஆனா சிறுநீரகம் ரெண்டும் அடி வாங்கியிருக்கு. இனிமே வெயில்ல நிக்கவே கூடாது." பிறகு என்னைத் தனியாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நிழல் திட்டம் வந்திருந்தா இந்த வார்டுல பாதிக் கட்டில் காலியா இருக்கும் சார். என்ன செய்ய, மக்களுக்கு மனசு இல்லையே."

நான் ஆமோதித்தேன்.

நாலு மணிக்குமேல் மச்சான் கண் திறந்தான். "அறிக்கையில என்னையும் கேட்டு எழுதினீங்களா மாமா?"

"இல்லடா. நீ பயனாளி. பயனாளி பொதுமக்கள்ல சேர மாட்டான்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மனைவி காலை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கேட்ட வீட்டுல எத்தனை பேரு வேண்டாம்னு சொன்னாங்க?"

"ஒருத்தர்."

"உங்க இயக்குநரு?"

"அவருக்குச் சம்மதம்தான்."

"அவருக்கு மேல இருக்கிறவரு?"

"அவருக்கும்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கு எப்பவுமே சம்மதம்தானே."

"அப்ப இவனுக்கு நிழல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்தது யாரு?"

மக்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அரசு ஆவணத்தைப் பற்றிப் பொய் சொல்வது குற்றம். அறிக்கையில் மக்கள் யாருடைய பெயரும் இல்லை, விதி ஏழு அதை அனுமதிக்காது. இருப்பது ஒரே பெயர். கடைசிப் பக்கத்தில், என் பதவிக்கு நேர் மேலே, நானே போட்ட கையெழுத்தாக இருக்கிறது.