சல்லடை வைத்துப் பாடம் எடுத்தவள்

போடியில் ஆரம்பித்துக் கம்பம் வரைக்கும் வீடு வீடாகத் தேடினாலும் அவளைப்போல் ஒரு ராங்கிக்காரி கிடைக்க மாட்டாள். வயது அப்போது பதின்மூன்று. படித்தது எட்டாம் வகுப்பு. அவள் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால் கலெக்டரே வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார். பெயர் என்னவோ இருந்தது. நாங்கள் எல்லோரும் சல்லடை என்றுதான் கூப்பிட்டோம்.

போடிக்குப் பக்கத்துக் கிராமத்தில், நடுநிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் நான் சமையல் உதவியாளர். ஆறாம் வகுப்போடு நின்றவள். உள்ளே வகுத்தல் கணக்கு வந்தது, நான் வெளியே வந்துவிட்டேன். அதனால் படித்தவர்கள் என்றால் எனக்குப் பயம். படித்ததாகக் காட்டிக்கொள்கிறவர்கள் என்றால் எரிச்சல். சல்லடை இரண்டாவது ரகம்.

போன வருடம் மூன்றாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்று பெரிய டீச்சர் ஓர் ஏற்பாடு செய்தார். மதியம் சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும்வரை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிப்பும் கணக்கும் சொல்லித்தர வேண்டும். மற்றவர்கள் இரண்டு எடுத்தார்கள். சல்லடை பதினொன்றை அள்ளிக்கொண்டு, சமையல்கூடத்துக்கு எதிர் வராந்தாவைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பதினொன்றில் ஒருவன் என் மகன் தர்ஷன்.

அவள் அம்மா ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறவர். காயைச் சல்லடையில் போட்டு ஆட்டினால் பெரியது மேலே நிற்கும், சின்னது கீழே விழும். எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்., ஆறு எம்.எம். என்று தரம். வெடித்த காயைத் தனியாகக் கொட்டிவிடுவார்கள். முதல் நாளே இவள் ஒரு கிழிந்த சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, சுவரில் மாட்டினாள். பிள்ளைகளை வாசிக்கச் சொன்னாள். கதை வாசித்தால் எட்டு எம்.எம். வரி வாசித்தால் ஏழு. வார்த்தையோடு நின்றால் ஆறு. பெயர் எழுதிய அட்டைகளைச் சல்லடையில் வரிசையாகச் செருகினாள். என் மகன் வாயே திறக்கவில்லை. அவன் அட்டையைக் கீழே கிடந்த டப்பாவில் போட்டு, "வெடிச்ச காய்" என்றாள்.

கரண்டியோடு வெளியே வந்துவிட்டேன். பிள்ளைகளை மனுசராக நினைக்கிறாளா, மளிகைச் சாமானாக நினைக்கிறாளா என்று கேட்டேன்.

"அக்கா, நீங்க போயி சாம்பார் சட்டியக் கழுவுங்க. தரம் பிரிக்கிற எடத்துல ஆள் நடமாடக் கூடாது."

பெரிய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

கணக்குப் பாடம் இன்னும் மோசம். சுண்டல் போடும் நாளில் பதினொரு பேர் பங்கையும் ஒரே தட்டில் கொட்டி, எண்ணிச் சமமாகப் பிரிக்கச் சொல்வாள். மீதி டீச்சருக்கு, அதாவது அவளுக்கு. உலகம் பூராவும் அதுதான் சட்டம் என்பாள். முதல் வாரம் பிள்ளைகள் பயத்தில் ஆளுக்கு ஐந்து கடலை போட்டுவிட்டு முழித்தன. தட்டில் குவிந்து கிடந்த மீதியை அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள். மூன்றாம் வாரம் தட்டில் நாலு கடலை தேறுவதே பெரும்பாடு. ஒரு பொடிசு, மிஞ்சிய கடலையைப் பல்லால் இரண்டாகக் கடித்துப் பங்கு போடப் பார்த்தது.

"பின்னமெல்லாம் அடுத்த வருசம்லே" என்று பிடுங்கித் தின்றாள்.

யாருக்காவது தொண்டையில் கடலை சிக்கிவிடுமோ என்று நான் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நிற்பேன். நின்றதில் எனக்கும் வகுத்தல் லேசாகப் புரிந்து தொலைத்தது. அவளிடம் சொல்லவில்லை. தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

வெள்ளிக்கிழமைதோறும் மறுபடி வாசிக்கவைத்து மறுசல்லடை. அட்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. தர்ஷன் அட்டை மட்டும் டப்பாவிலேயே கிடந்தது. அப்போதுதான் பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் கல்வி அதிகாரி வந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கக் கேட்பாராம். வாயே திறக்காத பிள்ளை என்றால் எழுதிக்கொண்டு போய்விடுவாராம். பிறகு தேனிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் சோதிக்க வேண்டியிருக்குமாம். நல்லதுக்குத்தான் என்றார். என் காதில் விழுந்தது 'எழுதி' மட்டும்தான். என் மண்டையே அவனுக்கும் வாய்த்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அந்த வாரம் இரண்டு நாள் சாம்பாரில் உப்பு இல்லை. மூன்றாம் நாள் இரண்டு தடவை போட்டேன்.

வேறு வழியில்லாமல் அவளிடமே போய் நின்றேன்.

"ஏத்தா, அவனுக்குப் படிப்பு வருமா, வராதா?"

"வாசிக்கத் தெரியும்க்கா அவனுக்கு. வாயத்தான் தெறக்க மாட்டான்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் டீச்சர்க்கா."

கையில் கரண்டி இல்லாதது அவள் நல்ல நேரம்.

அதிகாரி வந்தார். எட்டு எம்.எம். பிள்ளைகள் கதையைக் கொட்டித் தீர்த்தன. தர்ஷன் முறை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். அவன் தரையைப் பார்த்தான். அவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். வாசலில் நின்ற நான் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டேன்.

யாரும் கூப்பிடாமல் சல்லடை உள்ளே போனாள். தானே வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி, தர்ஷன் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"கிணறு யானைக்குள் எட்டிப் பார்த்தது. யானைக்குப் பசி. அது பாகனைத் தின்றது."

வகுப்பே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. என் மகன் காது சிவந்துவிட்டது.

"இல்ல" என்றான்.

"என்னலே இல்ல? இங்கன அப்படித்தான் போட்டுருக்கு."

புத்தகத்தைப் பிடுங்கினான். "யானை கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது. யானைக்குப் பசி. பாகன் அதற்குக் கரும்பு கொடுத்தார்." நிற்கவில்லை. பக்கத்தைத் திருப்பினான். கதை முடிந்தும் விடவில்லை. பாடத்துக்குக் கீழே இருந்த கேள்விகளையும் வாசித்துவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

அதிகாரி அவன் பெயருக்கு நேரே சரி போட்டார். அப்புறம் அவளைப் பார்த்து, எந்த வகுப்பு என்று கேட்டார். எட்டாவது என்றாள். அவர் ஆய்வுப் புத்தகத்தில் எழுதினார்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தையே வாசிக்க வரவில்லை, தனிக் கவனம் தேவை.

பெரிய டீச்சர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். சல்லடை முந்திக்கொண்டாள்.

"ஆமா சார். எனக்குக் கொஞ்சம் தடுமாறும்."

பரீட்சையில் அரை மார்க் குறைந்தால் டீச்சர் வீடு வரைக்கும் போய் வழக்குப் பேசுகிறவள் அவள்.

தர்ஷனுக்கு வாசிக்கத் தெரியும் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று சாயந்திரம் அவளிடமே கேட்டேன். ஒருநாள் பஸ் போர்டை வேண்டுமென்றே தப்பாக வாசித்தாளாம். இவன் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லி, கல்லை எடுத்துக்கொண்டு அடிக்க வந்தானாம். அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா நீங்க வீட்டுல வாசி வாசின்னு அவன் உசுர எடுப்பீக."

அதில் பொய் இல்லை. "ஒன்னைய அப்படி எழுதிட்டுப் போயிட்டாகளேத்தா" என்றேன்.

"எழுதட்டும்க்கா. அவுகளுக்கும் பொழுது போகணும்ல."

இந்த வருடம் அவள் போடியில் ஒன்பதாம் வகுப்பு. பஸ்ஸில் போய் வருகிறாள். பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ராங்கி ஒரு எம்.எம். குறையவில்லை. எனக்கு மூன்று மணிக்கே வேலை முடிந்துவிடும். ஆனாலும் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு, ஐந்தரை மணி பஸ்ஸிலிருந்து அவளுடைய ரெட்டைச் சடை இறங்கியதைப் பார்த்த பிறகுதான் கூடத்தைப் பூட்டுகிறேன்.