மூணு அடி அன்னாசி

உக்காருங்க, உக்காருங்க. பேச்சையெல்லாம் அப்படியே மடிச்சு மடியில வச்சுக்கங்க. பின்னாடி சிரிக்கிறவரே, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!

ஜம்பக்காரர்னு ஒருத்தர். அன்னாசி போடற மனுஷன். அவர் தும்மினாக்கூட பக்கத்துத் தோட்டம் திரும்பிப் பாக்கணும். வீட்டுல ஒரு சம்சாரம், ஒரு மாமனார். மாமனார் பேசவே மாட்டார். கேட்டா தலையாட்டுவார். கேக்கலைன்னா அதுவும் இல்ல.

நடவு அன்னைக்குப் புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆரம்பிச்சுது.

"மூணு அடிக்கு ஒரு கன்னுடி! காத்து, வெயில், உரம் எல்லாம் தாராளம். ஒவ்வொரு பழமும் பூசணி கணக்கா வரும்!"

"ஒரு அடி போதுங்க."

"ஒரு அடியா? அன்னாசி என்ன பஸ்ஸுலயா போவுது, நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்க?"

"சரி. பாதித் தோட்டம் உங்க இஷ்டம், பாதி என் இஷ்டம்."

ஜம்பக்காரர் துள்ளிட்டார். அன்னாசியை வட்டவட்டமா வெட்டி டப்பால அடைக்கிற ஆலை ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஆள் வந்து பழம் எடுப்பார்.

"பந்தயம்! ஆலைக்காரர் யார் பழத்தை எடுக்கறாரோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க அடுத்த நடவுக்கு நம்ம மேட்டு நிலம் பூரா தனியாளா குழி வெட்டணும். ஜெயிச்சவங்க சொல்ற இடைவெளியில!"

மண்வெட்டியைப் பாத்தாலே இடுப்பைப் பிடிச்சுக்கிற மனுஷன் போட்ட பந்தயம்ங்க இது!

ஒன்றரை வருஷம் ஓடுச்சு. சம்சாரத்தம்மா பக்கம் இலையோட இலை கோத்துக்கிட்டு மண்ணே தெரியல. களை தலைநீட்ட வழியில்ல. ஐயா பக்கம்? கன்னுக்கு விட்ட இடத்துல களை குடும்பம் நடத்துச்சு. பிடுங்கிப் பிடுங்கி மனுஷன் கேள்விக்குறியா வளைஞ்சுட்டார்.

ஆனா பழம்? அடேயப்பா! ஒவ்வொண்ணும் தொப்பை போட்ட தாசில்தார் மாதிரி. கனம் தாங்காம சாயும், தாங்கிப் பிடிக்கப் பக்கத்துல செடி இல்ல. சாஞ்ச பழத்தை வெயில் சுட்டுச்சு. ஐயா சும்மா இருப்பாரா? நிழலுக்கு ஒவ்வொண்ணா சட்டை போத்தினார்.

"ஏங்க, உங்க நீலச் சட்டை எங்க?"

"மூணாவது வரிசையில."

"கோடு போட்டது?"

"அதுக்குப் பக்கத்துல. தொடாதே, தூங்குது!"

அறுவடைக்கு ஆலைக்காரர் வந்தார். ஜம்பக்காரர் இருக்கறதுலயே பெருசை ரெண்டு கையால தூக்கிக் காட்டினார்.

"ஐயையோ! இது பழமா, பீப்பாயா?" ஆலைக்காரர் வாயைப் பொளந்துட்டார்.

"பாத்தியாடி? இப்பவே போய் மண்வெட்டிக்குக் காம்பு போடு!"

ஆலைக்காரர் பையிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்தார். பழத்து மேல வச்சார். தலைப்பாகை மாதிரி உச்சியிலயே உக்காந்துக்கிச்சு. அப்புறம் அம்மாவோட பழத்துல மாட்டினார். சர்ருனு இறங்குச்சு. அடுத்தது, அதுவும் சர்ரு.

"பழம் நுழையற எங்க மெஷின் குழாய் இவ்வளவுதாங்க. உங்க பழத்தை எடுத்தா பாதியைச் சீவி எறியணும். சந்தையில கொண்டு போய் வைங்க, வேடிக்கை பாக்கவாவது கூட்டம் வரும். அம்மா, உங்களுது அத்தனையும் ஒரே அளவு. எண்ணிக்கையும் மூணு பங்கு. எல்லாத்தையும் வண்டியில ஏத்துங்க!"

ஜம்பக்காரர் சம்சாரத்துப் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படிடி தெரியும்?"

"நடறதுக்கு முன்னாடியே ஆலைக்குப் போய் டப்பா அளவு கேட்டேன். எந்த நெருக்கத்துல நட்டா அந்த அளவுக்கு வரும்னும் கேட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எங்க பேச விட்டீங்க?"

"இது அநியாயம்! ருசி என்ன, கம்பீரம் என்ன! டப்பாவைப் பெருசாக்கச் சொல்லு! ஒன்றரை வருஷம் களை எடுத்திருக்கேன், ஏழு சட்டை போயிருக்கு! மாமா, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க!"

மாமனார் எழுந்தார். மெதுவா மண்வெட்டியைக் கொண்டாந்து மாப்பிள்ளை கையில கொடுத்தார்.

"இவ்வளவு பேசின நேரத்துல நாலு வரிசை வெட்டியிருக்கலாம், மாப்பிள்ளை."